மெய்ன் மாநிலத்தில் இருக்கும் தமிழர்களின் உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஊத்தங்கரையைச் சேர்ந்த என் தம்பி, அமெரிக்காவின் ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையுச்சி வரை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் மலைப்பாதையைப் பெரும்பாலும் நடந்து முடித்து, மான்சன் என்ற சிற்றூரை அடைந்திருக்கிறான். அடுத்து வருவது கடைகண்ணியே இல்லாத ஏறத்தாழ 160 கிலோமீட்டர் காடு. பத்து நாளுக்கான உணவில்லாமல் நுழைய வேண்டாம் என்று தொடக்கத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். (அஞ்செட்டிக் காட்டுச் சாலையில் இரவில் போவதற்கே அஞ்சும் அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.)

அவன் அனுப்பிய படத்தில் ஷூவின் முன்பக்கம் வாய் பிளந்து, சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தது; கேழ்வரகுச் சத்துமாவு மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறதாம். நடப்பதை அவன் பார்த்துக்கொள்வான். மலையிலிருந்து இறங்கிய பிறகுதான் சிக்கல்: கட்டாடின் இருக்கும் பாக்ஸ்டர் பூங்காவுக்குப் பேருந்து கிடையாது, கைப்பேசிக்குச் சிக்னலும் கிடைக்காது. அங்கிருந்து மில்லினாக்கெட் வழியாகப் பேங்கர் நகரம் வரை அவனைக் காரில் கொண்டுவந்து விடக்கூடிய உறவினரோ நண்பரோ உங்களில் யாருக்கேனும் அப்பகுதியில் இருந்தால், அன்புகூர்ந்து கேட்டுச் சொல்லுங்கள். பெட்ரோல் செலவை நாங்கள் கொடுத்துவிடுகிறோம். அக்டோபர் 15-உடன் பூங்காவின் இலையுதிர்கால முகாம்கள் மூடப்படுவதால், அதற்கு முன்பே ஏற்பாடு செய்தாக வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் தனிச்செய்தி அனுப்பினாலும் போதும்.