சரோவுக்கு மாணிக்கத்தின்மேல் பிரியம் இருந்ததா?

காட்பாடிக்காரி:
2002-ல் சன் டிவியில் மெட்டி ஒலி தொடர் வந்தபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அதில் சரோவின் புருஷன் மாணிக்கம் என்றாலே ஆத்திரம், அதற்குமேல் யோசித்ததில்லை. 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோது மாமியாரோடு உட்கார்ந்து பார்த்தேன், கேள்வியே வேறாகிவிட்டது. அம்மா ராஜம் கிழித்த கோட்டைத் தாண்டாத ஆள், பெண்டாட்டியைப் பிறந்த வீட்டுக்குத் துரத்துகிற ஆள், அவனிடமே திரும்பத் திரும்பப் போகிறாளே சரோ, அவன்மேல் நிஜமாகவே பிரியம் இருந்ததா? தனக்குக் கீழே கல்யாணத்துக்கு நிற்கிற மூன்று தங்கைகளுக்காகத்தான் அவள் நாளைக் கடத்தினாள் என்று எனக்குத் தோன்றுகிறது. பெண்சாதி இல்லாமல் ஐந்து பெண்களை ஆளாக்கின அப்பா சிதம்பரத்தின் தலையில் இன்னொரு பாரம் ஏறக்கூடாது, அவள் மனசு முழுக்க அதுதான். அப்படியானால் புருஷனுக்கு அதில் இடம் எங்கே?

குடியாத்தம் பொண்ணு:
எங்கம்மா பீடி சுற்றுகிறவர்கள். மடியில் முறம், முறத்தில் வெட்டின இலையும் தூளும், கண் மட்டும் டிவியில். கையைப் பார்க்காமலே சுற்றி, நூல் கட்டி, முனையை மடக்கிவிடுவார்கள். ஆனால் சரோ அழுதால் கை நின்றுவிடும், நூல் விரலிலேயே தொங்கும், இருபத்தைந்து எண்ணிக் கட்டுவதில் கணக்குத் தப்பிவிடும். அன்றைக்கு அவ்வளவு அழுதவர்கள் 2020-ல் பார்த்தபோது சரோமேலேயே கோபப்பட்டார்கள். "இவளுக்குக் கையில ஒரு தொழில் இருந்திருந்தா போயிருப்பாளா?" என்று கேட்டார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. போக்கிடம் இல்லாதவள் திரும்பிப் போவதைப் பிரியம் என்று எப்படிச் சொல்வது?

வாலாஜா அண்ணன்:
மாணிக்கத்தைப் பற்றி ஒரு ஆம்பிளை சொல்கிறேன். கல்யாணமான முதல் ஆடி முடிந்து என் மனைவி சீரோடு திரும்பி வந்தாள். எங்கம்மா பையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு "இவ்ளோதானா?" என்றார்கள். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். பாலாற்றுப் பாலத்தில் ரொம்ப நேரம் நின்றேன், கீழே வெறும் மணல். அவள்மேல் பிரியம் இல்லாமல் இல்லை, அம்மா எதிரில் வாய் வரவில்லை, அவ்வளவுதான். சேத்தன் மாணிக்கமாக நடித்ததைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சாவிதான் ஞாபகம் வரும். அவனுக்கும் உள்ளே பிரியம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆற்காடு அக்கா:
தம்பி, மனசில் இருந்ததை அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும். உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிற பிரியம் சரோவுக்கு எதற்கு உதவும்? எங்கள் தெருவே அப்போது ராஜத்தைத்தான் திட்டியது, சாந்தி வில்லியம்ஸ் அந்த மாதிரி நடித்திருந்தார். மாமியாரைத் திட்டித் திட்டி மாணிக்கத்தைத் தப்பவிட்டோம். தாலி கட்டினவன் அவன்தானே! காட்பாடித் தங்கச்சி கேட்டதற்கு என் பதில்: ஆரம்பத்தில் இருந்திருக்கும், அவளை வாசலுக்கு அனுப்பின அன்றைக்கு அது பயமாக மாறியிருக்கும். பயந்துகொண்டே ஒருவனுக்குச் சோறு போட முடியும், சிரித்துப் பேசவும் முடியும், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

காட்பாடிக்காரி:
எல்லாவற்றையும் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். வாலாஜா அண்ணன் எழுதினதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். அப்புறம், கீரையை ஆய்ந்துகொண்டே, "நானும் நாலு தடவை திரும்பிப் போனவதான். எங்க நைனா தெருமுனையில கொண்டாந்து விட்டுட்டு, நான் உள்ள போற வரைக்கும் துண்டால மூஞ்சியைத் துடைச்சிக்கிட்டே நிப்பாரு, அதுக்காகப் போனேன்" என்றார்கள். அப்போ மாமாமேல் பிரியமே இல்லையா அத்தை என்று கேட்டேன். "வந்துச்சு. அவரு படுக்கையில விழுந்தப்புறம், மொத மொதலா என் பேரைச் சொல்லிக் கூப்ட்டாரு, அன்னிக்கு வந்துச்சு" என்றார்கள்.