ஒரே கடாயில் மாட்டுக் கொத்துக்கறியும் அரிசியும்: பால் திரிகிறது, அரிசி வேகமாட்டேன் என்கிறது

மாலைச்சமையல்
மூன்று தடவை செய்து பார்த்துவிட்டேன், மூன்று தடவையும் ஏதோ ஒன்று கெட்டுப்போகிறது, அதனால்தான் கேட்கிறேன். க்ரீமும் சீஸும் சேர்ந்து கொழகொழவென்று வரும் கொத்துக்கறிச் சோறு, எல்லாம் ஒரே கடாயில். நான் செய்வது இதுதான்: 500 கிராம் மாட்டுக் கொத்துக்கறி, ஒரு வெங்காயம், பூண்டு, எல்லாவற்றையும் வதக்கி, அதிலேயே ஒரு கப் நீள அரிசி, 400 கிராம் டின் தக்காளி, ஒரு கப் எலும்புச் சாறு, ஒரு கப் பால் ஊற்றி மூடி 20 நிமிடம் வேகவிடுகிறேன். திறந்து பார்த்தால் பால் திரிந்து சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகளாக மிதக்கிறது, மேலே இருக்கும் அரிசி நடுவில் வெள்ளைப் புள்ளியோடு நறுக்கென்று கடிபடுகிறது, கீழே அடிப்பிடித்திருக்கிறது. கறியும் சாம்பல் நிறத்தில், வேகவைத்தது போல ருசியே இல்லாமல் இருக்கிறது. கடாய் 30 செ.மீ. அகலம், மூடி கொஞ்சம் ஆடும். வேலை முடிந்து வந்து வாரத்தில் ஒரு நாளாவது இதைச் செய்துவிட்டால் எனக்குப் பெரிய நிம்மதி. எங்கே தப்பு?

நெய்க்கரண்டி
பாலை முதலிலேயே ஊற்றுகிறீர்களே, அங்கேதான் சிக்கல். தக்காளியில் புளிப்பு இருக்கிறது, பால் சூடாக ஆக அதைத் திரியவைக்கக் கொஞ்சம் புளிப்பே போதும், நீங்களோ 20 நிமிடம் இரண்டையும் சேர்த்துக் கொதிக்கவிடுகிறீர்கள். பால் வேண்டாம், க்ரீம் வாங்குங்கள், கொழுப்பு 35 சதவீதத்துக்கு மேல் உள்ளதாக. கொழுப்பு கூடக்கூடத் திரிவது குறையும். அதையும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும்: அரிசி வெந்து, அடுப்பை அணைத்து, இரண்டு நிமிடம் விட்டு, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து முன்பே எடுத்து வெளியே வைத்த அரை கப் க்ரீமை ஊற்றிக் கிளறினால் போதும்.

சீஸும் அப்படித்தான். அடுப்பு எரியும்போது போட்டால் எண்ணெய் தனியாகப் பிரிந்து சீஸ் ரப்பர் மாதிரி இழுபடும். துருவியே விற்கும் பாக்கெட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள், அது உருகும்போது நறநறப்பு தரும். கட்டியாக வாங்கி நீங்களே துருவி, ஒரு பிடி போட்டுக் கிளறி, அது உருகியதும் அடுத்த பிடி.

அரிசிக்குத் தண்ணீர் போதவில்லை என்று நினைக்கிறேன், இரண்டு மடங்கு ஊற்றிப் பாருங்கள்.

அரிசிக்கணக்கு
க்ரீம் பற்றி நெய்க்கரண்டி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் இரண்டு மடங்கு தண்ணீர் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், நானும் பல வருடம் அதை நம்பிக் களி கிண்டியவன். அரிசி தன் அளவுக்குச் சமமான தண்ணீரைத்தான் ஏறக்குறைய உறிஞ்சும். மீதி நாம் ஊற்றுவதெல்லாம் ஆவியாகப் போவதற்காக. அது அரிசியின் அளவைப் பொறுத்ததில்லை, கடாயின் அகலம், மூடி, தீ, இந்த மூன்றையும் பொறுத்தது. அதனால்தான் ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் சரியாக இருக்கும், அதையே இரட்டிப்பாக்கி நாலு கப் ஊற்றினால் குழைந்துபோகும்.

உங்கள் கடாயை ஒரு தடவை சோதித்துவிடுங்கள். இரண்டு கப் தண்ணீரை அளந்து ஊற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடி 20 நிமிடம் விட்டு, மிச்சத்தை மறுபடியும் அளங்கள். என் கடாயில் முக்கால் கப் காணாமல் போயிருந்தது. ஆகவே எனக்கு ஒரு கப் அரிசிக்கு ஒன்றே முக்கால். உங்கள் மூடி ஆடுகிறது என்றால் இன்னும் கூடப் போகும், மூடிக்கும் கடாய்க்கும் நடுவே ஒரு அலுமினியத் தாளை விரித்து அழுத்தி மூடுங்கள்.

அடுத்தது தக்காளி. புளிப்பில் அரிசி மெதுவாகத்தான் வேகும், அதோடு பாலும் தக்காளியும் சேர்ந்து கெட்டியான குழம்பாகிவிட்டால் மேலே இருக்கும் அரிசிக்குத் தண்ணீர் போய்ச் சேருவதே இல்லை, கீழே மட்டும் வற்றிப் பிடிக்கிறது. உங்களுக்கு நடந்தது இதுதான். டின்னை விட்டுவிட்டு இரண்டு மேசைக்கரண்டி தக்காளி விழுதை எடுத்து, கறியில் வடிந்த கொழுப்பில் நிறம் மாறும்வரை வதக்குங்கள். அப்புறம் கழுவி வடித்த அரிசியைப் போட்டு, ஓரம் கண்ணாடி போல ஆகும்வரை இரண்டு நிமிடம் புரட்டி, சாற்றைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, அரிசி எல்லாம் தண்ணீருக்குள் முங்கும்படி ஒரே ஒரு தடவை சமன் செய்து மூடுங்கள். 18 நிமிடம் திறக்கக்கூடாது. அணைத்த பிறகும் 10 நிமிடம் மூடியே இருக்கட்டும், மேல் அரிசி வேகுவது அந்தப் பத்து நிமிடத்தில்தான், அதனால் க்ரீமும் சீஸும் அதற்குப் பிறகுதான். புழுங்கல் அரிசி என்றால் தண்ணீரும் நேரமும் இன்னும் கொஞ்சம் கூடும்.

இரும்புக்கடாய்
கறியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! வெங்காயத்தோடு சேர்த்து வதக்கினால் இரண்டும் தண்ணீர் விட்டு அந்தத் தண்ணீரிலேயே கறி வெந்துவிடும், சாம்பல் நிறம் அதனால்தான். கடாயை நன்றாகக் காயவைத்து, கறியை மட்டும் பரப்பி, உப்புப் போடாமல், கை வைக்காமல் நாலைந்து நிமிடம் விடுங்கள். முதலில் சளசளவென்று சத்தம் வரும், தண்ணீர் வற்றியதும் அது படபடவென்று மாறும், அப்போது திருப்பினால் அடியில் பழுப்பு ஏறியிருக்கும். அதன் பிறகு உடைத்து, உள்ளே சிவப்பு தெரியாமல் வதக்குங்கள், வெப்பமானி இருந்தால் 71 டிகிரி செல்சியஸ். கொழுப்பு அதிகமாக வடிந்தால் இரண்டு மேசைக்கரண்டி வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் க்ரீமும் சேர்ந்து திகட்டும். கடாயின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைக் கழுவிவிடாதீர்கள், சாறு ஊற்றும்போது மரக்கரண்டியால் சுரண்டிக் கலக்குங்கள். ருசி முழுக்க அதில் இருக்கிறது.

மாலைச்சமையல்
நேற்று செய்தேன். முதலில் கடாய்ச் சோதனை: எனக்கு ஒரு கப்புக்கும் கொஞ்சம் கூடவே ஆவியாகியிருந்தது, தாள் விரித்து மூடியதும் அரை கப்தான் போனது! அதனால் ஒன்றரை கப் சாறு ஊற்றினேன். அரிசி ஒன்றுகூட நறுக்கென்று இல்லை. கறி அந்தப் படபடச் சத்தம் வரும்வரை காத்திருந்தேன், பொறுமையைச் சோதித்தது, ஆனால் மணமே வேறு. க்ரீம் ஊற்றியதும் சோறு பளபளவென்று ஆனது, திரியவே இல்லை. உங்கள் மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. பாதி மிஞ்சியிருக்கிறது, எத்தனை நாள் தாங்கும்? க்ரீம் இல்லாத நாளில் பாலை வைத்துச் செய்ய வழி உண்டா?

நெய்க்கரண்டி
சந்தோஷமாக இருக்கிறது. வழி உண்டு: அரை கப் பாலில் ஒரு தேக்கரண்டி சோளமாவு கரைத்து, தனிப் பாத்திரத்தில் கெட்டியாகும்வரை காய்ச்சி, அதைக் கடைசியில் சேருங்கள். மாவு இருந்தால் பால் அவ்வளவு சீக்கிரம் திரியாது.

அரிசிக்கணக்கு
மிச்சத்தை வெளியே வைத்தே ஆறவிடாதீர்கள். வெந்த சோற்றிலும் தப்பிப் பிழைக்கிற பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி உண்டு, அறை வெப்பத்தில் கிடந்தால் நஞ்சு உண்டாக்கும், பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள், ஆழமில்லாத டப்பாவில் பரப்பிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் மூன்று நாள் தாராளமாக இருக்கும். குளிர்ந்ததும் இறுகிப்போகும், பயப்படாதீர்கள், இரண்டு கரண்டி சாறு விட்டு மூடிச் சிறு தீயில் ஆவி பறக்கச் சூடாக்கினால் மறுபடி இளகிவிடும்.