சுண்ணாம்பு அடித்த தேதி: அரசாங்கம் உங்கள் வாசலில் வந்து நின்ற அனுபவம் உண்டா?

லேத்துப்பட்டறை:
பட்டறையில் பன்னிரண்டு பேர். 2025 வரை, பத்துப் பேர் வைத்து மோட்டார் ஓட்டினாலே ஃபேக்டரி சட்டத்துக்குள் வந்துவிடுவோம், அது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆய்வுக்கு வந்தவர் மெஷின் பக்கமே போகவில்லை, பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. நேராகச் சுவரிடம் போய்க் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு தேய்த்து, விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெள்ளையடிச்ச ரெஜிஸ்டர் எங்கே?" என்றார். 1948 சட்டத்தில் அப்படி ஒன்று இருந்தது சாமி. பெயின்ட் அடிக்காத சுவருக்குப் பதினான்கு மாதத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பு அடித்து, அடித்த தேதியை எழுதி வைக்க வேண்டியிருந்தது. நான் அடித்திருந்தேன், எழுதவில்லை. அந்த வெள்ளைக் கட்டைவிரல் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. எவ்வளவில் முடிந்தது என்று கேட்காதீர்கள்.

இதே அரசாங்கத்திடம் நானும் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். சரக்கை வாங்கிக்கொண்டு செக்கைத் திருப்பிவிட்ட ஒருவன் மேல் போட்ட வழக்கு, ஒன்பது வருஷமாக வாய்தா. திருடனைப் பிடிக்கவும் வழக்கைத் தீர்க்கவும்தானே ஐயா வரி கட்டுகிறோம்? அங்கே ஆளைக் காணோம், சுவரைத் தடவ மட்டும் டாணென்று வருகிறார்கள். ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சி ஆரம்பித்து லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்யம் என்று திட்டியபோது, முதலாளிகளுக்காகப் பேசுகிறார் என்றார்கள். 1991-ல் பெரிய ஆலைகளுக்கு லைசென்ஸ் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது. சுண்ணாம்பு ரெஜிஸ்டர் அப்போதும் போகவில்லை.

உரைகல்:
எங்கள் தாத்தா பத்தர். 1963 ஜனவரி என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்குப் புரியும். சீனப் போர் முடிந்த சூடு, அந்நியச் செலாவணி இல்லை, மொரார்ஜி தேசாய் நிதி மந்திரி, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்று உத்தரவு. 14 காரட்டில் யார் தாலி செய்து போடுவார்கள்? ஒரு ராத்திரி கொல்லைப்புறமாக ஒருவர் பழைய தங்கத்தை வேட்டி முனையில் முடிந்துகொண்டு வந்து நின்றாராம், விடிந்தால் முகூர்த்தத்துக்கு நாலே நாள். தாத்தா உமியோட்டைப் பற்றவைத்துவிட்டு, ஊதுகுழலைக் கையில் எடுத்தவர், ஊதவே இல்லை. நெருப்பு வெளிச்சம் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று பயம். அப்பாவுக்கு அப்போது எட்டு வயசு, பக்கத்தில் படுத்திருந்தவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே தூங்குவது போல் நடித்தாராம். வந்தவர் போய்விட்டார். அடுத்த மாதமே தாத்தா அரிசி மண்டியில் தராசு பிடிக்கப் போய்விட்டார். 1966-ல் காரட் விதியைத் தளர்த்தினார்கள், 1968-ல் கட்டுப்பாட்டைத் தனிச் சட்டமாகவே போட்டார்கள், 1990-ல்தான் எடுத்தார்கள். அதற்குள் கடத்தல்காரன் பங்களா கட்டிவிட்டான்.

நர்ஸம்மா மகன்:
லேத்து அண்ணே, கோபம் நியாயம்தான். ஆனால் இன்ஸ்பெக்டரே வேண்டாம் என்கிற தொனி எனக்கு ஒப்பவில்லை. சிவகாசிப் பக்கம் மருந்துக் கலவை அறை வெடிக்கிற ஒவ்வொரு தடவையும் யாரைத் திட்டுகிறோம்? "ஆய்வு செய்யாத அதிகாரி" என்றுதானே. அக்காவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தது. கையில் எழுபது ரூபாய். 108 வந்தது, அரசாஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது, ஒரு பைசா பில் இல்லை. (வார்டு பாய் கை நீட்டினார், அதையும் சொல்லிவிடுகிறேன்.) திருடனைப் பிடிப்பது, வழக்கைத் தீர்ப்பது என்று நீங்கள் சொல்கிற காவல்கார அரசாங்கத்தில் அந்த வண்டி யாருடையது?

லேத்துப்பட்டறை:
தம்பி, பெல்ட் மூடியைப் பார்க்கவில்லை என்று மூன்றாவது வரியிலேயே எழுதியிருக்கிறேன். பார்த்திருந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். வண்டி விஷயத்துக்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. ஏழைக்குக் காசைக் கையில் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியை அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடலாம் என்பார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு அது நடக்குமா என்று எனக்கே சந்தேகம்.

பனங்காட்டான்:
ராஜாஜியை ரொம்பத் தூக்காதீர்கள். 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு போட்டுக் கள்ளுக்கடையை மூடியவர் அதே ராஜாஜிதான். பெர்மிட் அவருக்குப் பிடிக்காது, தடை மட்டும் பிடிக்கும்.

என் கதை சின்னது. சித்தப்பா பனையேறி. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். 1987-லிருந்து கள் இறக்கினால் குற்றம், பதநீர் இறக்கினால் தொழில். ஒரு நாள் விடியற்காலை, சித்தப்பா மரத்திலிருந்து இறங்கி இடுப்புக் கயிற்றைக் கூட அவிழ்க்கவில்லை, பைக்கில் வந்த ஏட்டு கலயத்தில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை நக்கினார். சுற்றி நாங்கள் ஆறு பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். "லேசா புளிக்குதேய்யா." முடிந்தது, கலயம் பனை மூட்டில் அடித்து உடைபட்டது, சித்தப்பா ஸ்டேஷனில் உட்கார்ந்தார். சட்டம், கோர்ட்டு எல்லாம் ஒரு ஏட்டின் நாக்கில். இத்தனைக்கும் ஸ்டேஷனுக்கு முந்தின திருப்பத்திலேயே டாஸ்மாக். 2003-லிருந்து பிராந்தி சில்லறை வியாபாரம் முழுக்க அரசாங்கத்தின் கையில். போட்டிக் கடைக்காரனை ஜெயிலில் போடும் வசதி வேறு எந்தக் கடைக்காரனுக்கு உண்டு? பனை மாநில மரமாம், அதுவும் ஒரு கொடுமை.

ஓய்வுபெற்ற கணக்கு:
வருவாய்த் துறையில் இருந்தவன். என் சொந்த நிலத்துக்கே பட்டா மாற்ற எட்டு மாதம் நடந்தேன், அவ்வளவுதான் கதை. ஆனால் இங்கே எல்லோரும் புலம்புகிறீர்களே தவிர வழி சொல்லவில்லை. நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்று குறைந்தது முப்பது வருஷத்துக்குப் போடுங்கள், ஆன்லைனிலேயே கிடைக்கிறது. பத்திரம் பதிந்ததோடு நிலம் நம்முடையது என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் பதிவு என்பது பத்திரத்துக்குத்தான், உரிமைக்கு அரசாங்கம் உத்தரவாதம் தராது. உட்பிரிவு வந்தால் சர்வேயர் வந்து அளக்காமல் பட்டா நகராது, அளக்கும் நாளில் பக்கத்து நிலத்துக்காரரையும் நிற்க வையுங்கள். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். நகரவில்லையா, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டு, "என் மனு இன்று யார் மேஜையில் இருக்கிறது" என்று மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. பாதி ஃபைல் அந்தக் கேள்விக்கே எழுந்து நடக்கும். இன்னொன்று, சொத்துரிமை 1978 திருத்தத்தில் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து போய் 300ஏ பிரிவில் வெறும் அரசியல் சட்ட உரிமையாக உட்கார்ந்திருக்கிறது. ஆகவே கையகப்படுத்தல் நோட்டீஸ் வந்தால் ஆட்சேபணைக் கெடுவைத் தவறவிடாதீர்கள். நோட்டீஸ் வந்த கவரைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரைத் தேதி உதவும்.

லேத்துப்பட்டறை:
ஐயா, நல்ல தகவல், ஆனால் பட்டாவைப் பற்றி இங்கே யாருமே கேட்கவில்லையே.

ஓய்வுபெற்ற கணக்கு:
நாளைக்குக் கேட்பீர்கள்.

உரைகல்:
பனங்காட்டான், ஏட்டு ரெண்டாவது தடவை நக்கினார் பாருங்கள், அதைப் படித்துச் சிரித்துவிட்டு அப்புறம் சிரிக்க முடியவில்லை. சித்தப்பா இப்போதும் ஏறுகிறாரா? கலப்படம் இல்லாத கருப்பட்டி கிடைக்குமா?

பனங்காட்டான்:
ஏறுகிறார். சுண்ணாம்பை ரெண்டு மடங்கு தடவுகிறார், அதனால் பதநீர் கொஞ்சம் காரும், ஊர்க்காரர்களுக்குப் பழகிவிட்டது. கருப்பட்டி சித்திரைக்கு மேல் சொல்லுங்கள், இப்போது சரக்கு இல்லை.