ஜாக்பாட் இயந்திரத்தின் முன் உட்கார்ந்த மாலை

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டு அது. சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை, அறை நண்பர்களோடு சூதாட்டக்கூடத்துக்குப் போனேன். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழைய ஒரு நாளைக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும். வெளிநாட்டவரான எங்களுக்குக் கட்டணமே இல்லை, பாஸ்போர்ட் போதும். அந்த இலவசம்தான் எங்களைக் கெடுத்தது.

சுற்றுக்கு 1 வெள்ளி வைத்தேன். 30 காசு விழுந்தது. விளக்குகள் மின்ன, இயந்திரம் பாட்டு இசைத்தது. உண்மையில் 70 காசு போயிருந்தது. நானோ ஜெயித்ததாகவே மகிழ்ந்தேன். அரை மணி நேரம் கழித்துத் திரையின் மூலையைப் பார்த்தேன். 200 வெள்ளியில் 62 மிச்சம். "இவ்வளவு விழுங்கியிருக்கிறது, இனிக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்" என்று அதையும் அங்கேயே விட்டேன்.

* * *

தம்பி, நான் இந்த இயந்திரங்களைப் பழுதுபார்த்தவன். எவ்வளவு விழுங்கினோம் என்று பார்த்து அது அடுத்த சுற்றில் கொடுப்பதில்லை. உள்ளே எண்கள் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் பொத்தானை அழுத்தும் கணத்தில் அகப்படும் எண்தான் முடிவு. அதன் பிறகு உருளைகள் சுழல்வது கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான். மூன்றாவது படம் மயிரிழையில் தவறியதாகத் தெரிந்தாலும், அடுத்த சுற்று அதற்காக நெருங்கி வருவதில்லை.

இன்னொன்று. 90 விழுக்காடு திருப்பித் தரும் இயந்திரம் என்றால், 100 வெள்ளி கொண்டுபோனவர் 90 வெள்ளியோடு திரும்புவார் என்று நம்புகிறார்கள். அது பையிலுள்ள பணத்துக்கான கணக்கு அல்ல. வைக்கும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் உரியது, அதுவும் லட்சக்கணக்கான சுற்றுகளின் சராசரி. மணிக்கு 600 சுற்று, சுற்றுக்கு 1 வெள்ளி என்றால் 600 வெள்ளி உருளும், சராசரியாக 60 வெள்ளி போகும். நிதானமாக 300 சுற்று ஆடினால் 30. ஆடித்தான் தீர வேண்டும் என்றால், சினிமா டிக்கெட்டுக்கு எடுத்துவைப்பது போல ஒரு தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி அட்டையை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

* * *

அண்ணா சொல்லும் நிதானம் என் கணவரால் முடியவில்லை. ஒரு கட்டத்தில் வீட்டு வாடகைப் பணமும் போனது. சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தில், அவர் உள்ளே நுழையக் கூடாது என்று குடும்பத் தடைக்கு விண்ணப்பித்தேன். சண்டை வருமென்று பல இரவுகள் தூங்காமல் கிடந்தேன். விசாரணை நாளில் அவரும் வந்தார். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "கேட்டது சரிதான்" என்றார்.