பிச்சாவரத்தில் மோட்டார் படகு தேவையா?

வெள்ளாற்றங்கரை:
சிதம்பரத்துக்கு அருகே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் மோட்டார் படகுகளை அடியோடு நிறுத்திவிட்டுத் துடுப்புப் படகுகளை மட்டும் விட வேண்டும். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்ததற்கு மகிழ்ந்தோம். ஆனால் படகு கிளப்பும் அலை ஓயாமல் மோதி, சுரபுன்னை மரங்களின் வேர்களுக்கு அடியில் இருக்கும் மண்ணை அரிக்கிறது. 2004 சுனாமியில் பின்னால் இருந்த ஊர்களைக் காத்த காடு இது.

கொள்ளிடத்தான்:
நண்பரே, மரங்கள் கவிந்த குறுகிய ஓடைகளுக்குள் துடுப்புப் படகுதான் போகிறது. மோட்டார் படகு ஓடுவது அகலமான வாய்க்காலில். முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் முகத்துவாரம் வரை போய் வர வேறு வழி என்ன? நாள் முழுக்க வெயிலில் துடுப்புப் போடுபவரின் தோள்வலியையும் நினைத்துப் பாருங்கள்.

காட்டைக் கெடுத்தது படகும் அல்ல. முற்காலத்தில் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெயில்பட்டு ஈரம் வற்றிய தரை தாழ்ந்தது. கடல் ஏற்றத்தின்போது பள்ளத்தில் ஏறிய ஓதநீர் வடிய வழியின்றித் தேங்கி உப்பேறியது. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரோட்டம் கொடுத்த பிறகே கன்றுகள் பிழைத்தன.

வெள்ளாற்றங்கரை:
நீங்கள் சொல்வதே என் வாதத்துக்கும் ஆதாரம். நீர் ஏறி இறங்கினால்தான் காடு வாழும் என்றால், கரை சரிந்து வாய்க்கால் தூர்வதை எப்படிப் பொறுப்பது?

அலையாத்தி:
இருவருமே மரத்தையும் பயணியையும் மட்டும் பேசுகிறீர்கள். இங்கே இருளர் மக்கள் நீரில் அமர்ந்தும் தவழ்ந்தும் கைகளால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கைகளும் சேற்றில் இருப்பதால் இறாலைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் முகம். அந்த நேரத்தில் ஒரு படகு வேகமாகக் கடந்தால் அலை எங்கே அடிக்கும்? அவர்களுடைய பிழைப்பு நடக்கும் இடத்தில் நாம் விருந்தாளிகள்.

கொள்ளிடத்தான்:
அலையாத்தி சொல்வது நியாயம், அதை மறுக்க மாட்டேன். இறால் பிடிக்கும் இடங்களில் வேகத்தைக் குறைக்கட்டும், தேவையானால் இயந்திரத்தை அணைக்கட்டும். அடியோடு தடை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். தில்லை மரத்தை இந்தக் காட்டில் நேரில் பார்க்கும் பிள்ளைதான் நாளை இதற்காகப் பேசும். படகை நம்பி வாழும் குடும்பங்களும் பக்கத்து ஊரான கிள்ளையில் இருக்கின்றன.

வெள்ளாற்றங்கரை:
அந்தக் குடும்பங்களின் வருமானம் குறையக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. துடுப்புப் படகுக்குக் கட்டணத்தை உயர்த்தலாம், ஆட்களைக் கூட்டலாம். வேகக் கட்டுப்பாட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. விடுமுறை நாளில் படகுத்துறையில் வரிசை நீளும்போது அடுத்த நடைக்கு விரைந்து திரும்பவே எந்த ஓட்டுநரும் நினைப்பார்.

அலையாத்தி:
அப்படியானால் ஒரு நாளைக்கு இத்தனை நடைதான் என்று முதலில் வரம்பு வையுங்கள். எந்த வாய்க்காலில், வற்றத்தில் நீர் எவ்வளவு இறங்கும்வரை படகு விடலாம் என்பதை இறால் பிடிப்பவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.