மத்தேயு 20: வசனம் எது, நம் மனசு எது?

கேள்வி: ராயபுரம் வேதபாடக் குழுவில் மத்தேயு நற்செய்தியின் திராட்சத்தோட்ட உவமை ஓடுகிறது: காலையில் வந்தவர்களுக்கும் கடைசியாக வந்தவர்களுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கிறார். கடைசியாக வந்தவர்கள் சோம்பேறிகள் என்கிறார்கள் சிலர், குழுவிலுள்ள தினக்கூலிக்காரர்கள் மறுக்கிறார்கள். வசனம் சொல்வதையும் நம் மனசு சேர்ப்பதையும் எப்படிப் பிரிப்பது?

பதில் 1: முதலில் நேரத்தைத் திருத்துங்க. கடைசி ஆட்கள் வந்த பதினோராம் மணி என்பது காலை 11 இல்லை; சூரிய உதயத்திலிருந்து எண்ணணும், மாலை 5 ஆகும். தமிழில் அவர்கள் 'சும்மா' நின்றதாகப் படித்ததும் சோம்பேறி நினைப்பு வந்துடுது. கிரேக்கச் சொல் 'அர்கோஸ்', வேலையில்லாதவரையும் குறிக்கும். 7ஆம் வசனமே காரணம் சொல்லுது: யாரும் வேலைக்குக் கூப்பிடலை.

பதில் 2: பேச்சு தொடங்கும் முன்பே ஆளுக்கொரு தாள் கொடுங்க ஐயா. 'நான் யார் பக்கம் நின்றேன்', ஒரே வரி. பிறகு கேட்டால் சத்தமாகப் பேசியவர் கருத்துதான் எல்லோர் தாளிலும் இருக்கும். வசன எண் காட்ட முடியாததைத் தனியே வைங்க.

பதில் 3: கூலிக்காரர் வாசிப்பையும் அதே மாதிரி சோதிக்கணும். 12ஆம் வசனத்தில் நாள் முழுக்க வெயில் தாங்கியவர்களின் முறையீடு இருக்கே, அதைத் தாண்டிப் போயிடுறாங்க.