வாசல் வைக்காத கூடு

எழுதிக்கொண்டிருப்பது எந்த இடத்தில் திடீரென்று பிடிபடும் என்று சொல்ல முடியாது. சிலருக்குப் பேருந்தில், சிலருக்கு அடுப்படியில், சிலருக்குத் தூக்கம் வராத இரவில். எனக்கு அது திண்டிவனம் பக்கம், ஒரு கிணற்று மேட்டில் நடந்தது.

ஆறிலிருந்து எட்டு வயதுக் குழந்தைகளுக்காகத் தூக்கணாங்குருவியைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். கதை இல்லை, தகவல் புத்தகம். பதினாறு பக்கம். தேவையான விவரம் எல்லாம் கையில் இருந்தது. ஆண்தான் கூடு பின்னும். நெல் தாளிலோ பனை ஓலையிலோ அலகால் ஒரு வெட்டுப் போட்டு, நுனியைக் கவ்வியபடி பறந்தால் நீளமாக ஒரு நார் கிழிந்து வரும். 1930களின் தொடக்கத்தில் பறவை ஆய்வாளர் சாலிம் அலி பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் இந்தக் குருவிகளைக் கூர்ந்து கவனித்து எழுதியதையும் படித்திருந்தேன். ஆனாலும் எழுதியதைப் படித்தால் பாடப்புத்தகம் போலவே இருந்தது. நான்கு முறை திருத்தினேன். உயிர் வரவில்லை.

ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, முந்தின நாள் காற்றில் கிணற்றோரப் பனையிலிருந்து இரண்டு கூடுகள் விழுந்து கிடந்தன. ஒன்று முழுக்கூடு. இன்னொன்று ஹெல்மெட்டைத் தொங்கவிட்ட மாதிரி, அடியில் குறுக்கே ஒரு பட்டையோடு நின்று போயிருந்தது. என் அண்ணன் மகள் அழகான முழுக்கூட்டைத் தொடவே இல்லை. அரைக்கூட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன் அத்தை, இதுக்கு வாசலே வெக்கல? குருவிக்கு அலுத்துப் போச்சா?"

எனக்குப் பதில் தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதுவரை நான் எழுதியது முழுவதும் கட்டி முடித்த கூட்டைப் பற்றி. புத்தகம் இந்த அரைக்கூட்டில் அல்லவா தொடங்க வேண்டும்!

ஆண் குருவி பாதி வரைதான் பின்னும். பிறகு கூட்டில் தொங்கிக்கொண்டு, இறக்கையை அடித்துக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே நுழைந்து பார்க்கும். பிடித்தால்தான் மீதி வேலை: பட்டைக்கு ஒரு பக்கம் முட்டை அறை, மறுபக்கம் நீளமான குழாய் வாசல். பிடிக்காவிட்டால் அந்தக் கூடு அப்படியே நின்றுவிடும். அலுப்பு இல்லை, யாரும் வரவில்லை. குழந்தைகளுக்கு இது உடனே புரியும். ஒரு கோலத்தைப் போட்டுவிட்டு யாராவது வந்து பார்க்க மாட்டார்களா என்று அவர்களும் நின்றிருக்கிறார்களே.

கையில் தாள் இல்லை. உரச்சாக்கின் ஓரத்தைக் கிழித்து அதில் முதல் வரியை எழுதினேன்: "இந்த வீட்டுக்கு வாசல் இல்லை. ஏன்?" அன்றிரவே பதினாறு பக்கமும் வந்துவிட்டது. தொள்ளாயிரம் சொல் இருந்தது, இருநூற்றுச் சொச்சமாகச் சுருங்கியது. கிஹிம் பகுதி முழுவதும் போனதில் வருத்தம்தான், சரி, பின்னட்டையில் இரண்டு வரி கொடுத்தேன்.

ஒரு பக்கம் மட்டும் என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. கூட்டின் உள்சுவரில் களிமண் உருண்டை ஒட்டியிருந்தது. பெரியப்பா அதைக் காட்டி, "மின்மினிய இதுலதான் பதிச்சு வெக்கும், ராத்திரி வெளக்குக்கு" என்றார். நானும் சின்ன வயதில் அதை நம்பியவள். களிமண் இருப்பது உண்மை, காற்றில் கூடு அதிகம் ஆடாமல் இருக்க அந்த எடை உதவும் என்று கருதுகிறார்கள். மின்மினி விளக்குக்கு ஆதாரம் கிடையாது. ஆனால் தாத்தா சொன்னது பொய் என்று ஒரு குழந்தையிடம் அச்சில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் இப்படி எழுதினேன்: "களிமண் எதற்கு? விளக்கு வைக்க என்று தாத்தா சொல்வார். கூடு ஆடாமல் இருக்க என்று பறவைகளைக் கவனிப்பவர்கள் சொல்கிறார்கள். விழுந்த கூடு கிடைத்தால் நீயே உள்ளே பார்." இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

ஓவியர் முதலில் பெண் குருவியையும் மஞ்சள் தலையோடு வரைந்துவிட்டார். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்குத்தான் அந்த மஞ்சள், பெண் பார்க்க வீட்டுச் சிட்டுக்குருவி மாதிரி இருக்கும். சொன்னதும் மாற்றிக்கொடுத்தார். அப்புறம் கூடுகளை மரத்தின் கிழக்குப் பக்கமாகத் தொங்கவிடச் சொன்னேன். மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும் நாட்களில் அந்தப் பக்கம்தான் மறைவு, எங்கள் பனையிலும் பெரும்பாலான கூடுகள் அங்கேதான்.

அச்சான புத்தகத்தை அண்ணன் மகளிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கம் வரை சத்தமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "குஞ்செல்லாம் பறந்து போனதும் அந்த வீட்ல யாரு இருப்பாங்க அத்தை?"

பழைய தூக்கணாங்கூட்டில் சில்லைக் குருவிகள் வந்து தங்குவதுண்டு. அடுத்த புத்தகத்தை எழுத ஆரம்பித்துவிட்டேன்.